ஏட்டையாவை விசாரித்தவள்

கடைக்கு வருகிறவர்களின் முகத்தை அவள் முதலில் பார்க்கவே மாட்டாள். காலைத்தான் பார்ப்பாள். கண்ணாடி மேஜைக்கு மேலே கழுத்தை நீட்டி, செருப்பு, விரல், கணுக்கால் என்று ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் நிமிர்ந்து, "சொல்லுங்க" என்பாள். புதிதாக வருகிற பெண்கள் சேலைக் கரையில் சேறு பட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொள்வார்கள். சில ஆண்கள் சங்கடப்பட்டுச் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். எனக்கு முதல் நாளே எரிச்சல். மருந்து வாங்க வந்தவளை மாட்டுச் சந்தையில் பார்ப்பது மாதிரி பார்க்கிறாளே, இது என்ன பழக்கம் என்று நினைத்தேன்.

கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறாளாம். நெஞ்சு பலவீனப்பட்டால் உடம்பு நீர் காலில் வந்து இறங்கும், செருப்பு வார் பதிந்த தடம் சொல்லிவிடும் என்று பின்னால் ஒருநாள் அவளே எனக்குச் சொன்னாள். அதற்குள் நான் அவளைப் பற்றி ஊர் முழுக்கக் குறை சொல்லி முடித்திருந்தேன்.

அவள் இப்போது தென்காசியில் இல்லை. பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் போட்டு, "யாரைக் கேட்டு எழுதுனீய?" என்று ஆரம்பித்துவிடுவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புப் பர்தாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டு. பார்மசி படித்தவள். புருஷன் வளைகுடாவில் இருந்தார். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பஜாருக்குத் திரும்புகிற தெருவில் அந்தச் சின்ன மருந்துக்கடையை அவள்தான் நடத்தினாள். நாங்கள் குடியிருந்தது அதற்குப் பின்தெரு. நான் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவளை ஊரில் எல்லோரும் 'மருந்துக்கடைப் பிள்ளை' என்றுதான் சொல்வோம்.

எங்கள் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற தாய்கூட அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டாள், மற்றவர்களைச் சொல்லவா வேண்டும். நெஞ்சு வலி வந்தபோது வாய்வு என்று சொல்லிக் கோலிச் சோடா வாங்கிக் குடித்தவர் அவர். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், அடைப்பெடுத்து, ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தோம். வந்ததும் மாத்திரை வாங்க இருவருமாக அந்தக் கடைக்குப் போனோம்.

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மாத்திரையை எடுத்து வைத்தாள். ஆனால் கொடுக்கவில்லை, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏட்டையா, இன்னைக்குக் காலையில என்ன மாத்திரை போட்டீய?"

"சீட்டுல எழுதியிருக்குல்லா, அதைத்தான்."

"சீட்டுல உள்ளது எனக்குத் தெரியுது. நீங்க போட்டதைக் கேக்கேன்."

"வெள்ளை."

"எல்லாமே வெள்ளைதான். சரி, பீடி?"

"விட்டாச்சு."

"அப்போ சட்டைப்பையில தீப்பெட்டி எதுக்கு?"

எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "வீட்டுல விளக்கேத்த."

அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கும் நல்ல சந்தர்ப்பம், விடுவேனா? "எங்கிட்ட கேக்காத தாயி. எங்க வீட்டு விளக்கை நான்தான் ஏத்துதேன்" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தீப்பெட்டி மேஜைக்கு வந்தது. பீடிக்கட்டும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மாத்திரை மேலிருந்து கையை எடுத்தாள். எது எதற்கு, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், எதை மறந்தாலும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

அவர் வீட்டு வாசலில் வந்துதான் வாய் திறந்தார். "எத்தனை களவாணிப் பயலுவளை விசாரிச்சவன் நான். என்னை நடுத்தெருவுல நிக்க வச்சு விசாரிக்கா. இவளைப் போலீசுல எடுத்திருந்தா ஸ்டேஷனுக்கு லத்தியே வேண்டாம்."

இனி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் செய்தார். மறுமாதம் மாத்திரை தீர்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, அந்தக் கோட்டிக்காரி கடைக்கே போவோம். போகலைன்னா ஏன் வரலைன்னு வீட்டுக்கே வந்து கேப்பா" என்றார். கோட்டிக்காரி, பைத்தியக்காரி என்று வாயில் சொன்னாலும், ஒழுங்காகத் தலைசீவி, பையில் தீப்பெட்டி இல்லாமல் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பதுதான் அவள் தொழில், மருந்து விற்பதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு என்று நான் கிண்டல் செய்வதுண்டு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? ஊறுகாய் யார் வாங்கி வந்தது? கல்யாண வீட்டில் பிரியாணிக்கு அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள்? அவளுக்குப் பயந்து சுற்றுத்தெரு வழியாகப் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். 'நல்லாருக்கேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் யார் சொன்னாலும் நம்ப மாட்டாள். "நல்லாருக்கேன்னா என்ன அர்த்தம்? விவரமாச் சொல்லுங்க" என்பாள்.

ஆனால் அந்தச் சத்தமும் எல்லோரிடமும் கிடையாது. திருவேங்கடத்தில் இருந்து ஒரு ஆச்சி வருவாள், வயல்வேலைக்குப் போகிறவள். டாக்டரைப் பார்க்க இங்கே வந்தால் மருந்தும் இவளிடம்தான். ஒருநாள் அந்த ஆச்சிக்குக் கால் இரண்டும் நன்றாக வீங்கியிருந்தது. நானும் கடையில் இருந்தேன். நீர் மாத்திரை தினமும் போடுகிறேன் என்று ஆச்சி அடித்துச் சொன்னாள். பெரிய சண்டை நடக்கப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தால், இவள் மேஜையைச் சுற்றி வெளியே வந்து, ஆச்சியை ஓரமாக ஸ்டூலில் உட்கார வைத்து, காதோடு காதாகக் கேட்டாள்.

"ஆச்சி, பஸ்ஸுல வார அன்னைக்கு அந்த மாத்திரை போடுவியளா?"

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வயலுக்குப் போற அன்னைக்கு?"

"எப்படித் தாயி போட? போட்டா நிக்காம வருது. அங்கன பூராவும் ஆம்பளையாளுவ. ஒதுங்க ஒரு புதர் கிடையாது."

அதாவது வீட்டில் சும்மா இருக்கிற நாளில் மட்டும்தான் மாத்திரை. ஆச்சிக்கு வீட்டில் சும்மா இருக்கிற நாள் ஏது? இவள் திட்டவே இல்லை. டாக்டருக்குப் போன் போட்டு, வயலில் இருந்து வீடு திரும்பிய பிறகு மத்தியானத்தில் போடலாமா என்று கேட்டு, அவர் சரி என்றதும் அட்டையில் பெரிதாக ஒரு வீட்டுப் படம் வரைந்து கொடுத்தாள். "மாத்திரைக்கு வெக்கம் தெரியாது ஆச்சி. நமக்குத்தான் தெரியும். அதனால நம்ம சௌகரியத்துக்கு அதை வளைச்சுக்கிடுவோம்" என்றாள். ஆச்சி அவள் கன்னத்தைத் தொட்டுத் தன் விரலில் முத்தம் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போனது. வீட்டில் வந்து சொல்லவில்லை. சொன்னால் ஏட்டையா என்னைக் கேலி செய்வார்.

குற்றாலத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சாரல் ஆரம்பித்தால் எங்கள் ஊரில் யாருக்கும் கையும் காலும் ஓரிடத்தில் இருக்காது. டாக்டர் இந்த வருஷம் அருவி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இவர் என்னிடம் ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே துண்டைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்க்கக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் மாமியாரோடும் பிள்ளைகளோடும் மங்குஸ்தான் விலை பேசிக்கொண்டிருந்தவள் யார்? அவளேதான்.

"ஏட்டையா! டாக்டர்ட்ட கேட்டுட்டா வந்தீய?"

"சும்மா பாக்க வந்தேன் தாயி."

"எண்ணெய் தேச்சுக்கிட்டா பாக்க வருவாவ?"

எண்ணெய் தேய்க்கிற ஆளே கையை எடுத்துவிட்டாராம். சுற்றி நின்ற கூட்டமெல்லாம் துண்டை இறுக்கிக்கொண்டு இவரைப் பார்த்ததாம். எண்ணெயும் உடம்புமாகப் பஸ்ஸேறி வந்து, வீட்டில் வெந்நீரில் குளித்தார். "அவ்வளவு கூட்டத்துல எனக்கு மட்டும்தான் வாரண்ட்டு" என்று இரண்டு நாள் புலம்பினார். அடுத்த சீசனில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, கூட்டமில்லாத நேரம் ஓரமாக நின்று குளிக்கலாம் என்றார். இவர் நேரே அருவிக்கா போனார்? முதலில் மருந்துக்கடைக்குப் போய் அவளிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இனி என் கொழுந்தன் கதைக்கு வருகிறேன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமனார் தவறியபோது கொழுந்தன் டவுசர் போட்ட பயல். அவனைத் தோளில் போட்டு வளர்த்து, படிக்க வைத்து, பிளேன் ஏற்றி, மருந்துக்கடைப் பிள்ளையின் புருஷன் இருந்த அதே வளைகுடா ஊருக்கு அனுப்பியது இவர்தான். இவருக்கு அவன் தம்பி என்பது பேருக்குத்தான். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தபோது லீவு கிடைக்காமல் அங்கே தவித்துப் போனான். அடுத்த லீவில் வந்தபோது பேரீச்சம்பழம், சென்ட், கோடாலித் தைலம் எல்லாவற்றோடும் ஒரு டப்பா நிறைய மாத்திரையும் கொண்டு வந்தான். டாக்டர் சீட்டின் படத்தை நான் முன்னே ஒருமுறை அவனுக்குப் போனில் அனுப்பியிருந்தேன். அதை அங்கே ஒரு கடையில் காட்டி, அதில் கிடைத்த ஒரு மாத்திரையை வாங்கியிருக்கிறான்.

"அங்கத்த மருந்து அசல் மருந்துண்ணே. ஒரு கலப்படம் கிடையாது" என்று அண்ணன் கையில் கொடுத்தான். இவர் அதைக் கண்ணில் ஒற்றாத குறைதான். பீரோவில் சென்ட் பாட்டில்களோடு அதுவும் போய் உட்கார்ந்தது.

அவன் திரும்பிப் போன பிறகு இவர் ஒருமாதிரி ஆகிவிட்டார். எழுந்தால் தலை சுற்றல். வாசலுக்கு நடந்தால் களைப்பு. ஒருநாள் காலையில் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். தாங்கிப் பிடித்துக் கட்டிலில் போட்டுவிட்டு, நான் கடைக்கு ஓடினேன்.

"தலைசுத்துக்கு ஒரு மாத்திரை குடு தாயி."

"யாருக்கு? ஏட்டையாவுக்கா? எப்போதிருந்து?" என்றாள். பிறகு, "வீட்டுக்கு விருந்தாளி யாரும் வந்தாவளா அக்கா?"

எனக்கு வந்த கோபம்! "ஏட்டி, உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? அங்கன மனுசன் மயங்கிக் கிடக்காரு, விருந்தாளிக் கதை கேக்கியே!"

"கோவப்படாதீங்க. வெளிநாட்டுல இருந்து யாரும் வந்தாவளா? மாத்திரை கொண்டாந்தாவளா?"

வளைகுடாவில் இருந்து வருகிற பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பீரோவில் அப்படியே இருக்கிறது என்றேன். அவள் பக்கத்துக் கடைக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் இவர், கட்டிலில் படுத்தபடியே.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். மீதிச் சில்லறையைக்கூட ஆண்கள் கையில் கொடுக்காமல் கண்ணாடி மேல் வைக்கிறவள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடி எண்ணினாள். எண்ண எண்ண அவள் முகம் வெளிறியது. "அக்கா, பீரோவைத் திறங்க."

டப்பாவில் பாதி அட்டைகள் காலியாக இருந்தன.

"ஏட்டையா, நான் குடுத்ததை நிறுத்திட்டு இதைப் போட்டீயளா, இல்ல ரெண்டையும் போட்டீயளா?"

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊமையாக இருக்கிறவர்களைப் பேச வைத்தே சர்வீஸை முடித்தவர். ஊமையாக இருப்பது எப்படி என்றும் கற்று வைத்திருந்தார். அவள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திருவேங்கடத்து ஆச்சியிடம் பேசிய அதே குரலில், "உங்களைத் திட்ட மாட்டேன். டாக்டருக்குச் சொல்லணும், அதான்" என்றாள்.

"ரெண்டையும்தான்" என்றார்.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டு, இரண்டு அட்டைகளையும் வாசித்துக் காட்டினாள். உடனே கூட்டி வரச் சொன்னார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாடித்துடிப்பை மட்டுப்படுத்துகிற மருந்து; இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். ஒரே மருந்தை இரண்டு மடங்காக விழுங்கி, இதயம் நின்று நின்று அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டர் சொல்ல வந்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் என் தோளைப் பிடித்தபடி, கடையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் பக்கத்தில் இருந்தாள்.

பிழைத்துக்கொண்டார். கண் தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பிட்ட சொல்லிராத. தாங்க மாட்டான்."

சரி என்று தலையாட்டினேன். பார்க்க வந்திருந்த இவள், "சொல்லாம எப்படி?" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. "உனக்கு எல்லாத்தையும் கேக்கணும், எல்லாத்தையும் சொல்லணும். ஒரு பிள்ளை மனசு உடைஞ்சா உனக்கென்ன?" என்று கத்திவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

இவர் வீட்டுக்கு வந்த மறுநாள் கொழுந்தன் போன் செய்தான். "மைனி, அண்ணன் நல்லாருக்காவளா? வாசுதேவநல்லூர் பையன் ஒருத்தன் லீவுக்கு வாரான். அந்த மாத்திரை இன்னும் ஒரு டப்பா குடுத்து விடுதேன். அவன் மாமனாருக்கும் அதையே வாங்கிருக்கான்."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, போய் அவளைக் கூட்டி வந்தேன். வராமல் இருப்பாளோ என்று பயந்தேன். நான் வாசலில் நின்றதுமே கோட்டைக் கழற்றிவிட்டு வந்துவிட்டாள்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனைச் சத்தமாக வைத்து அவளே பேசினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்க மருந்து நல்ல மருந்துதான் தம்பி. இங்கனயும் அதேதான் குடுக்கோம், பேருதான் வேற. ரெண்டும் சேந்ததுல நாடி இறங்கிட்டு. இப்போ நல்லாருக்காவ, என் கண்ணு முன்னாலதான் இருக்காவ. நீங்க ஆசையாக் கொண்டாந்தீய, யாருக்கும் தோணாதுதான். இனிமே அங்கேருந்து யாரு மாத்திரை கொண்டாந்தாலும் முதல்ல ஒரு போட்டோ எனக்கு அனுப்பச் சொல்லுங்க. அந்த வாசுதேவநல்லூர் பையன்ட்ட இன்னைக்கே சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஆண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. "நான்தாம்ண்ணே உன்னைக் கொல்லப் பாத்திருக்கேன்" என்றான்.

இவர் எழுந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட ஒரு பிரியமான வார்த்தை சொல்லத் தெரியாத மனுசன். போனைப் பார்த்துச் சொன்னார். "ஏலே, அதை மருந்துன்னா போட்டேன்? நீ கொண்டாந்ததுன்னுல்லா போட்டேன்லே."

அவ்வளவுதான். அவனும் அழுகிறான், இவரும் அழுகிறார், நான் முந்தானையைத் தேடுகிறேன். திரும்பினால் அவளைக் காணோம். கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, நீ எதுக்கு அழுத?"

"ஒண்ணுமில்ல அக்கா." அப்புறம் சொன்னாள். "எங்க வீட்டுக்காரவுகளும் அங்கனதான தனியாக் கிடக்காவ. போன மாசம் நெஞ்சு ஒருமாதிரி இருந்துச்சுன்னாவ. மறுநாள் கேட்டா நல்லாருக்கேன்னுட்டாவ. எப்போ கேட்டாலும் நல்லாருக்கேன். இங்கன உள்ளவங்கன்னா காலைப் பாப்பேன், மூஞ்சியைப் பாப்பேன். அவுகளை நான் எங்கன போய்ப் பாக்க? பக்கத்துல நின்னு கேக்க அங்கன யாரு இருக்கா?"

நான் உள்ளே போய் இவர் கையில் இருந்த போனைப் பிடுங்கினேன். "ஏலே, அழுதது போதும். மூக்கைத் துடை. நம்ம மருந்துக்கடைப் பிள்ளை வீட்டுக்காரரு அந்த ஊருலதான் இருக்காரு. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதான? நேருல போ. நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாரு. நம்பாத. பக்கத்துல உக்காந்து விசாரி. சரியில்லைன்னா அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

"சரி மைனி. என்னென்ன கேக்கணும்?"

கொல்லைக்கு வந்து போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடையில் நிற்கிற தோரணையில் ஆரம்பித்தாள்.

"தம்பி, மாடி ஏறுனா மூச்சு வாங்குதான்னு கேளுங்க. ராத்திரி தூக்கம் வருதான்னு கேளுங்க. வலி இடது கையில இறங்குச்சான்னு கேளுங்க, இல்லைன்னு சொன்னா இன்னொருக்க கேளுங்க. யாரு சமைக்கா, என்ன சாப்பிடுதாவன்னு கேளுங்க." குரல் சின்னதாகிவிட்டது. "எங்களை மனசு தேடுதான்னு கேளுங்க."